ஒரு கப்பலுக்கு ஒரு முதலாளி

என் அத்தான் முதலாளியா கூலியாளா என்று யாராவது கேட்டால், கரைக்குப் போய்க் கதிரையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்லலாம். ஒரு மாதம் முதலாளியாக இருப்பார். அடுத்த மாதம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொருவருக்குக் கீழே இருந்து இரும்பில் பிடித்த கறள் சுரண்டுவார். இரண்டு மாதமும் வீட்டுக்கு ஒரே முகத்தோடுதான் வருவார்.

என் அக்காவைக் கட்டியவர், வெல்டிங் வேலைக்காரர். வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையில் இருந்த கடைசிக் காலத்தில், துறைமுகப் பட்டறையில் தொழில் பழகியவர். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு பட்டறையில் பழகிய பலரும் ஒப்பந்தத்தில் வேலை எடுக்கும் கொந்தராத்துக்காரர் ஆனார்கள். வேறு வேலை இல்லாதவர் கொந்தராத்துக்காரர் என்று அப்போது ஊரில் பகிடியாகச் சொல்வார்கள். அத்தானோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் எஞ்சின் பூட்டும் பிற்றர், கோயிலடியில் குடியிருந்த கத்தோலிக்கர், வெல்டிங்கும் தெரிந்தவர். மற்றவர் கிண்ணியாவிலிருந்து காலையில் பாதை என்கிற மிதவையில் ஏறி வரும் நானா. பெயின்ற் அடிப்பதும் கறள் எடுப்பதும் அவருடைய பகுதி.

மூன்று பேருக்கும் பொதுவான சொத்து ஒரு மடிப்புக் கதிரை. கடற்படை போகும்போது ஏலத்தில் விட்ட சாமான்களோடு வந்தது. சீலை இரண்டு தரம் மாற்றப்பட்டிருந்தது. இன்ன இடத்தில் வேலை இருக்கிறது என்ற கதையை யார் முதலில் கொண்டு வருகிறாரோ அவர்தான் அந்த வேலைக்கு முதலாளி. வேலை முடியும் வரை கதிரை அவருடையது. பங்கு மூவருக்கும் சமன். கதிரைக்குத் தனிப் பங்கு இல்லை. அவர்கள் தோணியையும் பார்ஜையும் கப்பல் என்றே சொல்வார்கள். ஆகவே ஒரு கப்பலுக்கு ஒரு முதலாளி.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் துறைமுகத்து உத்தியோகத்தர்கள். அவர்கள் ஒரு ஆளோடு மட்டுந்தான் பேசுவார்கள். வந்தவுடன் "ஆர் இஞ்ச முதலாளி?" என்பார்கள். மூன்று பேரும் கூட்டு என்று சொன்னால் முகம் சுருங்கும். ஒரு தரம் ஒரு உத்தியோகத்தர் வேலை எப்போது முடியும் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டார். மூன்று விதமான பதில் கிடைத்தது. வேலை வேறு ஆட்களுக்குப் போயிற்று. அன்றைக்கு அவர்கள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். வெளியாள் யார் வந்து என்ன கேட்டாலும் முதலாளியிடம் அனுமதி கேட்காமல் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

சட்டத்தை அவர்கள் விளையாட்டுக்குத்தான் தொடங்கியிருக்க வேண்டும். நான் பார்க்கத் தொடங்கிய காலத்தில் அது விளையாட்டாக இருக்கவில்லை. கதிரையில் இருப்பவர் அயன் பண்ணிய சேட்டுப் போட்டிருப்பார். தன்னுடைய தொழில் வரும்போது அந்தச் சேட்டைக் கழற்றி மரத்தில் தொங்கவிட்டு, வேலையைச் செய்துவிட்டு, திரும்பச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து இருப்பார். மற்ற நாட்களில் அத்தானை 'மச்சான்' என்று கூப்பிடும் பிற்றர், அத்தான் கதிரையில் இருக்கும்போது 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார். நானாவும் அப்படித்தான். முதலாளி ஏசினால் பேச்சு வாங்கிக்கொள்வார்கள். தங்கள் முறை வரும்போது அதற்குச் சேர்த்து ஏசிக்கொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல்.

எழுபதுகளின் கடைசியில் கதிரை பெரும்பாலும் மடிந்தபடியே கிடந்தது. துறைமுகத்துக்குக் கப்பல் வரத்துக் குறைந்துவிட்டது. வந்த கப்பல்களும் வேறெங்கோ பழுது பார்த்துக்கொண்டு வந்தன. அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரர்கள் ஊருக்கு வரத் தொடங்கினார்கள். நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு தட்டச்சு இயந்திரம் இருந்தது. அதனால் வெளிநாடு போக விரும்பிய பலர் என் வாசலுக்கு வந்தார்கள். ஏஜென்சிக்காரர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்பதை ஊரில் முதலில் அறிந்தவன் நானாகத்தான் இருப்பேன். காசு விஷயத்தை விட்டுவிடுகிறேன். அது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி.

முதலில் படம் கேட்டார்கள். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட படம். எங்கள் ஊர் ஸ்டூடியோவில் ஒரே ஒரு கழுத்துப்பட்டி இருந்தது, சிவப்பில் வெள்ளைப் புள்ளி. சல்லியிலிருந்து வந்த மீனவரும் சம்பூரிலிருந்து வந்த மேசனும் அதே பட்டியைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். அந்தப் படங்களை ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் வெளிநாட்டுக் கம்பனிக்காரர், திருகோணமலையில் எல்லோரும் ஒரே கழகத்து உறுப்பினர் என்று நினைத்திருப்பார்.

பிறகு கடவுச்சீட்டைத் தங்கள் கையில் தரச் சொன்னார்கள். கொடுத்தவர்கள் அதைத் திரும்ப வாங்க முடியாமல் அலைந்தார்கள். வேறு ஏஜென்சியிடம் போவதற்கும் வழியில்லை. கொந்தராத்துக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடவுச்சீட்டு பத்திரிகைக்காரரிடம் இருக்கிறது, தேவையான அன்றைக்கு அவரே கொண்டு வருவார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு ஏஜென்சிக்காரர் அதைப்பற்றிக் கேட்பதில்லை. பேச்சளவில், என் மேசையின் இழுப்பு லாச்சியில் ஒரு காலத்தில் எத்தனையோ பேருடைய கடவுச்சீட்டு இருந்தது. நான் எழுதிய செய்திகளுக்கு இல்லாத மதிப்பு அந்த லாச்சிக்கு இருந்தது.

எந்த நேரத்திலும் கூப்பிட்டால் வரும்படி தொலைபேசி எண் வேண்டும் என்றார்கள். எல்லோரும் மருந்துக் கடையின் எண்ணைக் கொடுத்தார்கள். மருந்துக் கடைக்காரர் சில நாள் ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டார். பிறகு அலுத்துப்போய், யாரைக் கேட்டாலும் "அவர் நல்ல வேலைக்காரர், இப்ப வேலையில நிக்கிறார், பின்னேரம் எடுங்கோ" என்று தானே சொல்லி வைத்துவிடுவார். அது பலருக்கு உதவியாக இருந்தது என்று கேள்வி.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. ஆட்கள் பயந்தது வேறொன்றுக்கு. முன்பு யாரிடம் வேலை செய்தீர்கள், உங்களைப் பற்றிச் சொல்லக் கூடிய இரண்டு முதலாளிமாரின் பெயரைத் தாருங்கள் என்று கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஈச்சிலம்பற்று மேசன் ஒருவர் தன் மேஸ்திரியின் பெயரைக் கொடுத்தார். ஏஜென்சிக்காரர் மேஸ்திரியைத் தேடிப் போய் மேசனைப் பற்றி ஒரு சொல் கேட்டார். மேஸ்திரியைப் பற்றிப் பல சொல் கேட்டார். கடைசியில் விமானம் ஏறியது மேஸ்திரி. மேசன் அவரை வழியனுப்பி வைத்துவிட்டு வந்து, மேஸ்திரி விட்டுப் போன மதிலைக் கட்டி முடித்தார்.

அத்தானுக்கு வந்தது ஒரே ஒரு இடம். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் வெல்டிங் வேலைக்கு ஒரு ஆள். கொழும்பிலிருந்து வந்த ஏஜென்சிக்காரர் அத்தானைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, இரண்டு முதலாளிமாரின் பெயர் மட்டும் வேண்டும் என்றார். அவர் கண்ணாடி போட்ட, மெல்லக் கதைக்கும் மனிதர். எதைக் கேட்டாலும் கடன் கேட்பது போன்ற பணிவோடு கேட்பார்.

அன்று பின்னேரம் அக்காவின் குசினியில் இதைப் பற்றிக் கதை நடந்தது. பெயர் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். கொடுப்பதானால், பட்டறைக் காலத்து வெள்ளைக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. அதற்குப் பிறகு அத்தானுக்கு முதலாளியாக இருந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் பிற்றர், மற்றவர் நானா.

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நானா பெயின்ற்காரர், அவரால பிரச்சினை இல்லை. மற்றவருக்கு வெல்டிங் தெரியுமெல்லே. அவரையே வரச் சொல்லிக் கேட்டால்?"

"கேட்டால் கேக்கட்டும்" என்றார் அத்தான்.

"அவருக்கும் மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். போகமாட்டன் எண்டு சொல்லுவாரோ?"

அக்கா திரும்பவும் துருவத் தொடங்கினாள், முன்பிருந்ததைவிட வேகமாக. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வருஷம் அத்தான் கதிரையில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். இந்த இடம் தவறினால் இன்னொன்று வரும் என்று அந்த வீட்டில் யாரும் நம்பவில்லை. மறுநாள் அத்தான் இரண்டு பெயரையும் கொடுத்தார். கொடுத்ததைப் பிற்றரிடமும் நானாவிடமும் அவரே போய்ச் சொன்னார். பிற்றர், "என்னைப் பற்றி அங்க ஒண்டும் சொல்லேல்லையே?" என்று கேட்டாராம். இல்லை என்றதும், நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அந்த 'நல்லது' எப்படிப்பட்டது என்று அக்கா சில நாள் ஆராய்ச்சி செய்தாள்.

கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு நாள், ஏஜென்சிக்காரர் வாடகைக் காரில் என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த பெயர்களுக்குரிய முதலாளிமாரைச் சந்திக்க வேண்டும், அவர்கள் அலுவல் பார்க்கும் கந்தோர் எங்கே என்று கேட்டார். இருவரையும் ஒரே இடத்தில் காணலாம் என்று சொல்லி நான் காரில் ஏறினேன். கந்தோரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உள்துறைமுகத்தின் ஓரத்தில், வாகை மரமொன்றுக்குப் பக்கத்தில் ஒரு சரக்குப் பார்ஜைக் கரையில் இழுத்து வைத்திருந்தார்கள். பல மாதத்துக்குப் பிறகு வந்த வேலை. கதையைக் கொண்டு வந்தவர் அத்தான். ஆகவே மர நிழலில், அயன் சேட்டோடு, கதிரையில் அத்தான் இருந்தார். பிற்றரும் நானாவும் வெயிலில் பார்ஜின் வயிற்றுப் பக்கத்தில் குந்திக்கொண்டு சுத்தியலால் கறள் தட்டிக்கொண்டிருந்தார்கள். தலையிலும் புருவத்திலும் சிவப்புத் தூள்.

ஏஜென்சிக்காரர் அத்தானைக் கண்டு தலையசைத்துவிட்டு, முதலாளிமார் இன்னும் வரவில்லையா என்று கேட்டார். அத்தான் எழும்பாமல் பார்ஜின் பக்கம் கையைக் காட்டினார்.

அவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அங்கே போனார். நானும் கூடப் போனேன். நானாவிடம், இந்த மனிதர் உங்களிடம் வேலை செய்தவரா என்று கேட்டார். நானா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரைத் தாண்டி மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"முதலாளி, இவருக்குப் பதில் சொல்லலாமா?"

"சொல்லுங்கோ" என்றார் அத்தான்.

"செஞ்சவர்தான் ஐயா. போன கப்பல்ல எனக்குக் கீழ. நல்ல வேலைக்காரன். வேலை நேரத்தில கதைக்கமாட்டார்." சொல்லிவிட்டு நானா மறுபடி தட்டத் தொடங்கினார்.

"அப்ப இப்ப?"

நானா மறுபடியும் மரத்தடியைப் பார்த்தார். அத்தான் தலையசைத்தார்.

"இப்ப நான் அவருக்குக் கீழ."

"உண்மையான முதலாளி யாரு, பெரியவர்?"

"கதிரையில இருக்கிறவர்" என்றார் நானா. இதற்கு அவர் அனுமதி கேட்கவில்லை. அவ்வளவு தெரிந்த விஷயத்துக்கு அனுமதி தேவையில்லை என்று நினைத்திருக்கலாம்.

ஏஜென்சிக்காரர் தொழில் தெரிந்தவர். ஏமாற்றப்பட்டோம் என்று கோபப்படாமல், இதில் தனக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தார். பார்ஜைச் சுற்றிக்கொண்டு பிற்றரிடம் போனார். என்னை வர வேண்டாம் என்று கையால் காட்டினார். காற்று அந்தப் பக்கமிருந்து வீசியதால் எனக்குச் சில சொற்கள் கேட்டன. வெல்டிங்கும் எஞ்சினும் தெரிந்த ஆள், பலரை வைத்து வேலை வாங்கியவர் என்று கம்பனிக்கு எழுதலாம் என்றார். போர்மன் என்ற சொல்லும் வந்தது.

பிற்றரின் சுத்தியல் நின்றது. அது நின்றதும் நானாவுடையதும் நின்றது. மரத்தடியில் அத்தான் முன்பு இருந்த மாதிரியே இருந்தார். இரண்டு கையும் கதிரையின் சட்டத்தில். பிற்றர் குந்தியபடியே கையிலிருந்த சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யோசிக்க உரிமை இருந்தது. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள் என்பது எனக்கும் தெரியும். அவர் யோசித்தது நீண்ட நேரமில்லை. எனக்கு மட்டும் நீளமாக இருந்தது.

பிறகு எழும்பி நின்று, அடுத்த பார்ஜில் வேலை செய்தவர்களுக்கும் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"முதலாளி, இவர் என்னை உங்கட இடத்துக்கு வரச் சொல்லிக் கேக்கிறார். என்ன சொல்லட்டும்?"

ஏஜென்சிக்காரர் அவ்வளவு சத்தத்தை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, ஏற்கனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். இரகசியம் பேசுவதற்கு வழியில்லாத ஒரு கம்பனியை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார்.

"அவரை இஞ்ச வரச் சொல்லு" என்றார் அத்தான்.

ஏஜென்சிக்காரர் வந்தார். அத்தான் கதிரையிலிருந்து எழும்பி, சீலையைத் தட்டிவிட்டு, "இருங்கோ ஐயா, வெயில்" என்றார். அவர் தயங்கி, பிறகு களைப்பில் இருந்துவிட்டார். நானா பார்ஜடியிலிருந்து, முதலாளி மாறிவிட்டாரா, இனி யாரிடம் கேட்பது என்று சத்தமாக விசாரித்தார். கதிரையில் புதிதாக இருப்பவர் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கித் தருவது வழக்கம் என்றும் ஞாபகப்படுத்தினார். அப்படி ஒரு வழக்கம் அதற்கு முன் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அத்தான் அவருக்கு முன்னால் நின்றுகொண்டு, கொந்தராத்துக்காரர் துறைமுகத்து உத்தியோகத்தரோடு கதைக்கிற குரலில் கதைத்தார்.

"ஐயா, இந்த வெளிநாட்டு வேலைக் கதை நான் கொண்டு வந்தது. இதில ஆள் சேர்க்கிறது நான்தான். நீங்கள் ஒரு ஆள் கேட்டீங்கள், அந்த ஆள் நான். இன்னொரு ஆளும் வேணுமெண்டால் என்னட்டைச் சொல்லுங்கோ, இவரைத் தாறன். நல்ல வேலைக்காரன்."

"கம்பனி ஒருத்தரைத்தான் கேட்டிருக்கு" என்றார் ஏஜென்சிக்காரர்.

"அப்ப கதை முடிஞ்சுது."

பிற்றர் பார்ஜில் சாய்ந்து நின்றார். அவரைப் பார்த்து ஏஜென்சிக்காரர் இன்னொரு தரம் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அனுமதி கேட்கும் சத்தம் வரும் என்று தெரிந்திருக்கும். அவருக்கும் நெருக்கடி இருந்தது என்பதை வரும் வழியில் அவரே சொல்லியிருந்தார். கம்பனிக்குச் சீக்கிரம் ஒரு ஆளைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் கொழும்பில் இன்னொரு ஏஜென்சிக்குப் போய்விடும். கதிரையில் இருந்தபடி தேத்தண்ணிக் கடைப் பக்கம் கையைக் காட்டினார். எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. அவர் தன்னுடையதைக் குடித்து முடித்துவிட்டு, அத்தானின் கடவுச்சீட்டைக் கொண்டு வரும்படி என்னிடம் சொன்னார். மேசை லாச்சியிலிருந்து உண்மையாகவே எடுத்துக் கொடுத்த முதல் கடவுச்சீட்டு அதுதான்.

பயணம் எதிர்பார்த்ததைவிடக் கெதியாக வந்தது. அத்தான் பார்ஜின் வெல்டிங் முழுவதையும் முடித்துவிட்டார். கறளும் பெயின்றும் எஞ்சினும் மிச்சம். அவரைக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட எல்லோரும் ஸ்டேசனுக்குப் போனோம். பிற்றர் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். "விடு மச்சான், நான் தூக்கிறன்" என்று அத்தான் இரண்டு தரம் சொன்னார். வேலை முடியவில்லை, முதலாளி சுமை தூக்கக் கூடாது என்று பிற்றர் சொல்லிவிட்டார். அக்கா பிற்றருக்குப் பின்னால் நடந்தாள். அவரிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று ஆயத்தப்படுத்தியிருந்தாள் போல இருந்தது. சனத்தில் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் பிற்றரும் நானாவும் அக்காவின் வாசலில் நின்றார்கள். பிற்றரின் தோளில் மடித்த கதிரை.

"இது என்னத்துக்கு இஞ்ச?" என்று கேட்டாள் அக்கா.

நானாதான் விளக்கம் சொன்னார். இந்தக் கப்பல் உங்கள் வீட்டுக் கப்பல். அது முடியும் வரை நாங்கள் இரண்டு பேரும் இந்தக் கதிரையில் இருக்க ஏலாது. உத்தியோகத்தர் வந்தால் முதலாளி யார் என்று கேட்பார். நாங்கள் பொய் சொல்ல ஏலாது.

அக்கா பிற்றரைப் பார்த்தாள். அவர் கதிரையை விரித்து, அது ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். பிற்றரின் கோப்பையில் சீனி கூடுதலாக இருந்திருக்கிறது. இனிப்பு ஏன் இப்படி என்று அவர் பிறகு என்னிடம் கேட்டார். நான் தெரியாது என்றேன்.

முதலில் அக்கா கரைக்குப் போக மறுத்தாள். அவர்கள் வேலை விட்டுப் போகும் வழியில் வாசலில் நின்று, இன்று எவ்வளவு சுரண்டினோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சில நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, சொல்வதை மட்டும் வைத்து எப்படி நம்புவது என்று குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். மர நிழலில் கதிரையின் நுனியில் இருந்தாள். அன்றைக்குப் பத்து மணிக்குள் பின்பக்க மூலையில் கறள் மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். குடையை நீட்டிக் காட்டினாள்.

"அதில கிடக்கு."

"ஓம் முதலாளி" என்றார் பிற்றர்.

நான் போன அன்று துறைமுகத்து உத்தியோகத்தர் வந்தார். பார்ஜைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வழக்கம் போல, "ஆர் இஞ்ச முதலாளி?" என்று கேட்டார். பிற்றரும் நானாவும் வாய் திறக்கவில்லை. இருவரும் சுத்தியலால் மரத்தடியைக் காட்டினார்கள்.

அக்கா மரியாதைக்கு எழும்பினாள். பிறகு என்ன நினைத்தாளோ, குடையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தத் தரம் நன்றாகச் சாய்ந்து, திரும்ப இருந்துகொண்டாள்.